குளத்துச் சேறும் மருந்துக் கழிவும் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,
நான் கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மின்சாரம் உண்டாக்கும் பற்றீரியாக்களைக் கொண்டு தண்ணீரில் கலந்த மருந்துகளை அகற்றலாம் என்று வாசித்தேன். எங்கள் கிணறுகளுக்கு இது உதவுமா? பிள்ளைகளோடு செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள ரீச்சர்,

கிணற்றுக்கு உதவாது. கிணற்றை எட்டுமுன், கழிவுநீரில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். நாம் விழுங்கும் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக்கில் பாதிக்கு மேல் அப்படியே சிறுநீரில் போகிறது. வன்னியில் அது சேருமிடம் பெரும்பாலும் மலசலகூடக் குழி, பிறகு மண்.

நீங்கள் சொல்லும் பற்றீரியாவைத் தேடி எங்கும் போகத் தேவையில்லை. தண்ணீர் கட்டிய வயலில் மிதித்தால் குமிழி விட்டு நாறும் கறுத்தச் சேற்றில் ஜியோபக்டர் வகை தாராளமாக உண்டு. ஒட்சிசன் இல்லாத அந்த இடத்தில், உணவை உடைக்கும்போது வரும் இலத்திரனை அது மண்ணிலுள்ள இரும்புக்குக் கொடுக்கிறது. காபன் மின்வாய் ஒன்றை வைத்தால் அதில் ஒட்டிக்கொண்டு அதற்கே கொடுக்கும். 2008இல் யப்பானில் நெல்வயலிலேயே மின்வாய் புதைத்து மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் சேறும் மின்வாய்களும் சேர்ந்த இப்படியொரு மின்கலம் அரை வோல்ட் தந்தாலே பெரிய காரியம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: காற்று ஊதாமலே கழிவு உடைகிறது. சுத்திகரிப்பு நிலையங்களில் மின்சாரத்தைக் குடிப்பது அந்தக் காற்றூதிதான். எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு இது பொருந்தும் என்று நம்புகிறேன்.

சரி, மருந்து? சல்பாமெதொக்சசோல் என்ற அன்டிபயோட்டிக் இந்த மின்கலங்களில் நன்றாகவே உடைகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் காபமசெப்பின் இலேசில் மசியாது. உடைந்தாலும் கதை முடியவில்லை. துண்டுகள் நஞ்சா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வெற்றிகள் ஆய்வுகூடப் போத்தலுக்குள் கிடைத்தவை. ஆஸ்பத்திரிக் கழிவுநீரோ நாளுக்கொரு மாதிரி வரும்.

வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படும் தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட்டு இரண்டையும் இந்தப் பற்றீரியா தின்று தீர்க்காது.

பிள்ளைகளோடு தாராளமாகச் செய்யுங்கள். குளத்துச் சேற்றைப் போத்தலில் போட்டு, ஒரு காபன் துணியைச் சேற்றுக்குள் புதைத்து, மற்றதை மேலே தண்ணீரில் விடுங்கள். இரண்டையும் வயரால் ஒரு மின்தடையோடு இணைத்து, ஓரிரு கிழமை பொறுத்து மல்ரிமீற்றரால் அளக்கலாம். சேற்றைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். மருந்து மட்டும் போட வேண்டாம். அது குறைந்ததா என்று அளக்கப் பள்ளிக்கூடத்தில் கருவி இல்லை. அன்டிபயோட்டிக்குக்குப் பழகிய கிருமிதான் அந்தப் போத்தலில் வளரும்.