ஜப்பானில் மாமியாருக்கு என்ன சாப்பாடு?

கேள்வி: ஏப்ரலில் டோக்கியோ, கியோட்டோ போகிறோம். கூட வரும் மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போனால் சமாளிக்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: குக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட்தான், நம் 230 வோல்ட் குக்கரைச் செருகினால் கால்வாசிச் சூடுகூட ஏறாது. போன் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் கவலையில்லை, தட்டையான இரண்டு கால் உள்ள அடாப்டர் போதும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது தாஷி. ஜப்பானியச் சமையலில் பாதிக்கு மேல் இந்தச் சாறுதான் அடிப்படை; கொம்பு என்கிற கடல்பாசியோடு, புகைபோட்டுக் காயவைத்த சூரை மீனை மரத்தூள் மாதிரி சீவிப் போட்டு எடுப்பார்கள் (தூத்துக்குடிப் பக்கத்து மாசிக் கருவாடும் சூரையில் செய்வதுதான்). மீசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, பார்த்தால் வெறும் காய்கறியாகத் தெரியும் கூட்டு, எல்லாவற்றிலும் அது கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சைவம் என்று மட்டும் சொன்னால் கறித்துண்டு இல்லாமல் கொடுத்துவிடுவார்கள், அதில் அவர்கள் தப்பு எதுவுமில்லை. அதனால் இறைச்சி, மீன், முட்டை, தாஷி நான்கும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதி வைத்துக்கொண்டு ஆர்டர் கொடுக்கும் முன்பே காட்டுங்கள். உங்களை நம்பி வரும் வயதானவரை அழைத்துப் போகிறீர்கள், இதில் கூச்சமே வேண்டாம்.

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய, நம் சாப்பாடும் மளிகையும் கிடைக்கும். கியோட்டோவில் ஷோஜின் ரியோரி என்கிற புத்த மடத்துச் சமையலை முன்பதிவு செய்து ஒரு வேளையாவது சாப்பிட வையுங்கள். எள்ளும் டோஃபுவும் காய்கறியுமாக, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்காமல் செய்வது, அவருக்கு நிச்சயம் பிடிக்கும். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் பாக்கெட்டுகள் கைவசம் இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் மட்டும் வேண்டாம், விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகிவிடும்.

கேள்வி: ரயில் பாஸ் வாங்கலாமா?

பதில்: இந்த இரண்டு ஊருக்கு வேண்டாம். 2023 அக்டோபரில், ஜப்பான் முழுக்கச் சுற்றும் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு புல்லட் ரயிலில் போய்வர ஆளுக்குச் சுமார் 28,000 யென்தான். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.யைத் தாண்டுகிறதா, அப்படியானால் பெட்டி வைக்க இடமுள்ள சீட்டாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மாமியார் தினமும் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவில் கொண்டுபோவதானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சில சளி மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும், அது 10 சதவீதத்தைத் தாண்டினால் ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது, நம் மருந்துக் கடையில் சாதாரணமாக வாங்கியது என்று சொன்னாலும் எடுபடாது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், டாக்டர் சீட்டையும் கூடவே வையுங்கள். ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110.