மிச்ச ஒரு ஏக்கரையும் ஒத்திக்கு வைக்கலாமா?

தம்பி, சிங்கப்பூர் வந்து மூணு மாசம்தான் ஆகுதுன்னு எழுதியிருக்க. ஊர்ல ரெண்டாவது போர்க் கிணறும் வத்திப்போச்சு, மிச்சமிருக்கிற ஒரு ஏக்கரை ஒத்திக்கு வச்சு (கடன் தீர்ற வரைக்கும் குடுத்தவனே பயிர் வச்சுக்குவான்) உன் தம்பியையும் அனுப்பிடலாம்னு அப்பா சொல்றார், சரிதானான்னு கேக்குற. நானும் மேலூர்ப் பக்கம்தான். கடைமடை, கால்வாய்த் தண்ணி கடைசியா வந்து சேர்ற இடம்.

நான் வந்தது 2003-ல. முந்தின வருஷம் மழை இல்ல. பெரியாறு-வைகைக் கால்வாய்ல பேரணையில இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், நமக்கு ஒருபோகம். வைகையில தண்ணி குறைஞ்சா முதல்ல காயுறது நம்ம வயல்தான். அப்பா போர் போட்டார். வண்டி ராத்திரி முழுக்க ஓடுச்சு. விடியும்போது அறுநூறு அடி, வெறும் புகை. அந்த வெள்ளைப் புழுதி அவர் மீசையில, துண்டுல, கையில இருந்த டீ கிளாஸ்ல எல்லாம் படிஞ்சிருந்துச்சு. "இன்னும் நூறு அடி போகவாண்ணே?"ன்னு வண்டிக்காரர் கேட்டார். அப்பா பதில் சொல்லல. புழுதியோட அந்த டீயைக் குடிச்சு முடிச்சார்.

அந்தப் போர்க் கடனுக்குத்தான் நான் விமானம் ஏறினேன். ஏஜென்ட்டுக்குக் கட்டினது ஒத்திப் பணம். எங்க வயல்ல நடவு நட்டவங்க வீட்ல இருந்து ஒருத்தரும் இங்க வரல. ஒத்திக்கு வைக்க அவங்ககிட்ட என்ன இருந்துச்சு? திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போனாங்க. மழை பொய்ச்சா ஏழைதான் நாட்டை விட்டுப் போவான்னு பலரும் நினைக்கிறாங்க. ஏழையால திருப்பூர், கேரளாவைத் தாண்ட முடியாது. காணி நிலம் வச்சிருக்கிறவன்தான் கடல் தாண்டுறான். (1876-ல தாது வருஷப் பஞ்சத்துல சிலோனுக்குப் போனவங்க கதை வேற. கங்காணி முன்பணம் குடுத்துக் கூட்டிட்டுப் போனான், தோட்டத்துல உழைச்சுக் கழிச்சாங்க.)

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். வைக்காத. காஞ்ச வருஷத்துல நிலத்துக்கு என்ன மதிப்பு? கேட்ட விலைக்குத் தூக்கிக் குடுக்கணும். மழை பெஞ்சா ஒத்திக்காரன்தான் பயிர் வைப்பான், உங்கப்பா வரப்புல நின்னு பாப்பார். 2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சு, 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்சதா அரசு அறிவிச்சுச்சே, அப்ப என் மச்சான் இப்படித்தான் வச்சுட்டு வந்தார். எட்டே மாசத்துல கம்பெனியை மூடிட்டான். திரும்பிப் போனவர் அடுத்த மழைக்குத் தன் வயல்லயே கூலிக்கு நாத்து சுமந்தார்.

ஒரே வீட்ல ஒரே நேரத்துல ரெண்டு ஏஜென்ட் கடன் ஆகாது. முதல்ல உன் கடன் தீரட்டும். உன் தம்பி கட்டட வேலைக்குன்னா ஊர்லயே தொழில் டெஸ்ட் அடிச்சுப் பாஸ் பண்ணணும், அந்தச் செலவே தனி. அதை உன் சம்பளத்துல இருந்து குடு. உனக்கு இன்னும் எவ்வளவு பாக்கின்னு எழுதலையே? ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் வந்தா ஒரு டீயைக் குடிச்சுக்கிட்டே கணக்குப் போட்டுப் பாத்துரலாம்.