விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம்

வணக்கம் தங்கச்சி. அரசுப் பேருந்து ஓட்டும் உங்கள் அண்ணனுக்கு விபத்தில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள், இப்போது விருப்ப ஓய்வு கேட்டுக் கடிதம் எழுதித் தரும்படி நிர்வாகம் சொல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மறுவாழ்வுப் பணியில் 30 வருடம் இருந்தவன் நான். இந்தக் கடிதத்தை அவசரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அழுதவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர் எழுதவே வேண்டாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4): பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. ஓட்ட முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை. அதுவும் காலியில்லையா? தகுந்த இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை அவருக்கென்றே உருவாக்கும் கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். பிரிவைக் குறிப்பிட்டு மாற்றுப்பணி கேட்டு மனு எழுதி, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஊனச் சான்றிதழுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். நிர்வாகம் மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்.

அப்புறம் ஒன்று, கேட்காமலே சொல்கிறேன். வலிக்கு இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க விடாதீர்கள். மூட்டு மடங்கியபடியே இறுகிப்போனால் செயற்கைக்கால் பொருத்துவது பெரும்பாடு.