வெள்ளைத் தாளில் வரும் கட்டட வரைபடத்தை ஏன் இன்னும் ‘புளூபிரிண்ட்’ என்கிறார்கள்?

1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறையின் பெயர் ஒட்டிக்கொண்டதுதான். இரும்பு உப்பு பூசிய தாள்மேல் மையால் வரைந்த டிரேசிங் தாளை (ஒளி ஊடுருவும் தாள்) வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் நீலமாகும். மை மறைத்த கோடு வெள்ளையாக நிற்கும்.

அப்புறம் வந்த டயசோ என்ற நகலெடுக்கும் முறை அதைத் தலைகீழாக்கியது: வெள்ளைத் தாள், நீலக் கோடு. அலசல் வேண்டாம், அம்மோனியா ஆவி போதும். பினாங்கில் நான் முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் அந்த மெஷின் அறைக்குள் போனாலே கண்ணீர் கொட்டும். கோடு பிசகினால் டிரேசிங் தாளை பிளேடால் சுரண்டுவோம்.

இப்போது பெரிய தாளில் வரைபடம் அச்சிடும் பிளாட்டர்தான். 36 அங்குல ரோலில் ஏ0 என்ற பெரிய தாள் அளவு தாராளமாக வரும். சரி, ஒன்று மட்டும் கவனியுங்கள்: ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று அழுத்திவிட்டால் படத்தின் அளவு மாறி, 1:100 என்ற அளவு விகிதம் பொய்யாகிவிடும். அளவுகோல் வைத்துப் பார்க்கும் கட்டடக் குத்தகையாளர் (காண்ட்ராக்டர்) நம்மைத்தான் திட்டுவார்.