இணை நகரமும் இசைக்கருவியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்னைக்கு அமெரிக்காவின் டென்வர் 'சகோதரி நகரம்' (இணை நகரம்) என்கிறார்கள். எங்கள் சபா அங்கே ஒரு நிகழ்ச்சி நடத்தினால் இரு மாநகராட்சிகளும் செலவை ஏற்குமா?
– வாசகர், மயிலாப்பூர்

ஏற்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். டென்வருடன் 1984-லும், டெக்சாஸில் உள்ள சான் அன்டோனியோவுடன் 2008-லும் சென்னை செய்துகொண்டவை நட்பு ஒப்பந்தங்கள். அவற்றில் பண உத்தரவாதம் கிடையாது. அமெரிக்கப் பக்கத்தில் இந்த உறவைத் தூக்கிச் சுமப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர் குழுக்கள்தான். அவர்களிடம் கேட்க வேண்டியது அரங்கம், தங்குவதற்கு வீடு, பள்ளிகளில் அனுமதி, முறையான அழைப்புக் கடிதம். விமானக் கட்டணத்தை இங்கேயே திரட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு மாலைக் கச்சேரியோடு திரும்பி வராதீர்கள். நான்கு நாள் கூடுதலாகத் தங்கிப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தால்தான் அடுத்த ஆண்டும் அழைப்பு வரும். சான் அன்டோனியோவைப் பாருங்கள்: 2009 முதல் நகரின் நடுவே தீபாவளி கொண்டாடுகிறார்கள், ஆற்றில் விளக்கு மிதக்க விடுகிறார்கள். அந்த ஊர் நாட்காட்டியிலேயே இடம் பிடித்துவிட்ட விழா அது.

ஜனவரியில் டென்வர் செல்கிறோம். மிருதங்கம், வீணை, நாதஸ்வரம் மூன்றும் வருகின்றன. என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

குளிரைவிட வறட்சியைப் பார்த்துப் பயப்படுங்கள். டென்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சென்னைக் காற்றில் பழகிய தோலும் மரமும் அதை இரண்டே நாளில் காட்டிவிடும்.

மிருதங்கத்தில் முதலில் தெரிவது சுருதி. தோல் காய்ந்து இழுபடுவதால் சுருதி தானாக ஏறும். வலந்தலை (வலப்பக்க முகம்) மூட்டை, அதாவது பின்னிய தோல் விளிம்பை, கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அறைக்கு அறை இதைச் செய்துகொண்டே இருந்தால் மூட்டு தளர்ந்துபோகும். இதைவிடப் பெரிய ஆபத்து கரணைக்கு, அதாவது வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்துக்கு. அதன் கறுப்புச் சாதம் (பூச்சு) வறண்டு, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். உதிர்ந்த இடத்தில் நாதம் செத்துவிடும், அங்கே அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது. அதனால் தயாரான வலந்தலை ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுபோவது கட்டாயம். வார் பிடித்த மிருதங்கத்தில் மூட்டு மாற்ற பழகிய கை வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு போல்ட்-நட் மிருதங்கமே என் தேர்வு. அதற்கான ஸ்பேனரை செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

பெட்டிக்குள் ஈரம் வைக்கும் முறை எளிது. துளையிட்ட சோப்பு டப்பாவில், நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சைப் போட்டு, தோலில் படாமல் ஒரு மூலையில் வையுங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, 45 முதல் 50 சதவீதம் வரை இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். அறைக்குப் போனதும் பெட்டியைத் திறக்க வேண்டாம். மூடியபடியே ஒரு நாள் விட்டு, உள்ளேயும் வெளியேயும் வெப்பம் ஒன்றான பிறகு திறக்க வேண்டும். தொப்பிக்கு, அதாவது இடப்பக்க முகத்துக்கு, தடவும் ரவை இங்கிருந்து வேண்டாம், அங்குள்ள இந்திய மளிகைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

வீணையில் 24 மெட்டுகளும் (தந்திக்குக் கீழே உள்ள உலோகப் பட்டைகள்) மெழுகில் நிற்கின்றன. குளிரில் மெழுகு இறுகி, ஒரு தட்டலில் மெட்டு பெயர்ந்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தாலோ உருகி நகரும். மெழுகு ஒரு கட்டியும், மேளம் கட்டத் தெரிந்த, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிக்கத் தெரிந்த, ஒருவரும் குழுவில் இருக்கட்டும். விமானத்துக்கு முன் தந்திகளைத் தளர்த்துங்கள், ஆனால் ஏழையும் முழுதாக அவிழ்த்துவிடாதீர்கள். தந்திகளைத் தாங்கும் குதிரை நிற்பதே தந்தியின் அழுத்தத்தில்தான். எதற்கும் குதிரையின் அடியைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவையுங்கள்.

நாதஸ்வரத்துக்கு, வாயில் வைத்து ஊதும் சீவாளிதான் உயிர். கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளி அந்தக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொண்டுபோங்கள். அந்த உயரத்தில் மூச்சும் சீக்கிரம் வாங்கும். வந்திறங்கிய மறுநாளே கச்சேரி வைக்காதீர்கள், இரண்டு நாள் ஓய்வும் நிறையத் தண்ணீரும் வேண்டும்.

சுங்கத்தில் நிற்காமல் இருக்க இரண்டு பொருள்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: உடும்புத்தோல் கஞ்சிரா, தந்தமோ மான்கொம்போ இழைத்த பழைய வீணை. உடும்பு நம் வனவிலங்குச் சட்டத்திலும், சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்திலும் (CITES) உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. செயற்கைத் தோல் கஞ்சிரா எடுத்துச் செல்லுங்கள். மிருதங்கத் தோலை அமெரிக்கச் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். புறப்படும்போது சென்னை விமான நிலையச் சுங்கத்தில் கருவிகளுக்கு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது 'புதிதாக வாங்கியதா' என்ற கேள்வி எழாது.

எந்த விசா? 'பிசினஸ் விசா போதும்' என்று ஏஜென்ட் சொல்கிறார்.
– வாசகர், மதுரை

போதும் சூழ்நிலை ஒன்று உண்டு. ஆனால் மூன்று நிபந்தனைகளும் சேர்ந்திருக்க வேண்டும்: நம் அரசு அனுப்பும் பண்பாட்டு நிகழ்ச்சியாக இருக்க வேண்டும், பார்வையாளர் கட்டணம் செலுத்தக் கூடாது, தினப்படி உட்பட முழுச் செலவும் நம் அரசுடையதாக இருக்க வேண்டும். இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகம் அனுப்பும் குழு என்றால் பி-1 (B-1) என்ற பிசினஸ் விசா பொருந்தும். டிக்கெட் விற்றால், அல்லது அங்குள்ளவர்கள் சன்மானம் கொடுத்தால், அது பொருந்தாது.

அப்போது தேவை பி-3 (P-3), தனித்துவமான பண்பாட்டுக் கலைக்கான விசா. அமெரிக்காவில் உள்ள அழைப்பாளர்தான் ஐ-129 படிவம் தாக்கல் செய்ய வேண்டும், நீங்கள் செய்ய முடியாது. நிகழ்ச்சி நிரல், ஒப்பந்தம், கலையின் மரபைச் சொல்லும் சான்றுகள், அங்குள்ள கலைஞர் தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம் ஆகியவை இணைக்கப்படும். நிகழ்ச்சிக்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே தாக்கல் செய்யலாம். கடைசி மூன்று மாதத்துக்கு விட்டுவைத்துத்தான் பல குழுக்கள் சிக்கிக்கொள்கின்றன. சன்மானத்தில் பொதுவாக 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள், கணக்குப் போடும்போதே அதைக் கழித்துவிடுங்கள்.

மேயருக்கு நினைவுப் பரிசாக ஐம்பொன் நடராஜர் கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

கொடுக்கலாம். ஆனால் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள் நாட்டை விட்டுப் போகக் கூடாது. நேற்று வார்த்த சிலையும் பார்வைக்குப் பழசாகத் தெரிந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். 'தொல்பொருள் அல்ல' என்று தொல்லியல் துறை தரும் சான்றை முன்கூட்டியே வாங்குங்கள். தஞ்சாவூர் ஓவியமும் பரிசுக்கு யோசிக்க வேண்டியதே. பலகை காய்ந்து வளைந்தால் சுண்ணப் பூச்சு வெடித்து, தங்க ரேக்கும் கூடவே பெயர்ந்து வரும்.

துணி நல்ல பரிசு. சென்னையின் இன்னொரு இணை நகரமான ரஷ்யாவின் வோல்கோகிராடில், அந்நாளைய ஸ்டாலின்கிராடில், ஒரு மேசைவிரிப்பைப் பாதுகாக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் தாங்களும் குண்டுவீச்சில் சிதைந்திருந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரப் பெண்கள் 830 பேர் தங்கள் பெயர்களைப் பூத்தையலில் பதித்து அனுப்பியது அது. இரு நகரங்களும் 1944-ல் இணை நகரங்களாயின. உங்கள் ஊர் நெசவில் இரண்டு மீட்டர் துணி எடுத்து, குழுவில் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தமிழில் தைத்துக் கொடுங்கள். சுங்கத்திலும் தொல்லை இல்லை.

திரும்பி வந்தபின் டென்வர் மாணவர்களுக்கு இணையவழி வகுப்பு: எந்த நேரம் ஒத்துவரும்?
– வாசகர், திருச்சி

நமக்குச் சனிக்கிழமை காலை 7.30. குளிர்காலத்தில் டென்வர் 12½ மணி நேரம் பின்னால், அங்கே வெள்ளி இரவு 7 மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 11½ மணியாகிவிடும், அப்போது அவர்களுக்கு இரவு 8. சிறு பிள்ளைகள் இருந்தால் கோடையில் வகுப்பைக் காலை 6.30-க்கு மாற்றுங்கள். அந்த இரண்டு ஞாயிறுகளுக்கு முந்தைய வகுப்பிலேயே புதிய நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.