ரோமில் ஒரே நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: மகன் மிலானில் வேலை பார்க்கிறான். ஐப்பசியில் நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் போகிறோம். மாமியாருக்கு 70 வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. முந்தின இரவே ரோம் போய்ச் சேர்ந்தாலும் சுற்றிப் பார்க்க ஒரு பகல்தான். டிராவல்ஸ்காரர் கொடுத்த பட்டியலில் கொலோசியம், வாடிகன், நீரூற்று, படிக்கட்டு என்று எட்டு இடம் இருக்கிறது. எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?
- வாசகி, பெருந்துறை

பதில்: அம்மணி, அந்தப் பட்டியலை ஓரமாக வையுங்கள். எட்டு இடத்துக்கும் ஓடினால் வரிசையில் நின்றதுதான் ஞாபகம் இருக்கும். வாடிகனுக்கே ஒரு முழு நாள் வேண்டும், இந்தத் தடவை விட்டுவிடுங்கள். நம் பக்கத்து மணிக்கல்லையும் மேற்கு மலை மிளகையும் காசைக் கொட்டி வாங்கிய ஊர் ரோம். கொங்கு நாட்டிலிருந்து போகிறவர்கள் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு மூன்று இடம் போதும்: கொலோசியம், பழைய ஊரின் நடுச்சதுக்கமான ரோமன் ஃபோரம், பலாஸ்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகம்.

கொலோசியத்துக்குக் காலை 8.30-க்கே போய்விடுங்கள். அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கட்டும். அதே டிக்கெட்டில் ஃபோரத்துக்கும் போகலாம். கொலோசியம், பேரரசர் வெஸ்பாசியன் கட்ட ஆரம்பித்து, மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்து வைத்தது. மேலே போக லிஃப்ட் இருக்கிறது, மாமியாரை ஏற விடாதீர்கள். ஒரு மணி நேரம் போதும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று யாராவது சொன்னால் அன்றைக்குப் போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

ஃபோரத்தில்தான் நிதானம் வேண்டும். பழைய பாதை முழுக்கக் கருங்கல், மேடு பள்ளமாக இருக்கும். மூன்று பேருமே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பாலடைன் குன்றில் ஏற வேண்டாம். பாதையோரம் மூன்று பிரம்மாண்ட வளைவுகள் நிற்கும். அது மேக்சென்டியஸ் மண்டபம். வளைவை அண்ணாந்து பார்த்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த மண்டபம் எழும்பிய இடத்தில், அதற்கு இருநூறு வருஷம் முன்னால் பேரரசர் டொமிஷியன் காலத்தில் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. மிளகுக்கென்றே தனிக் கிடங்கு! ஒரு ராத்தல் கருமிளகு 4 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். ரோமானிய ராத்தல் நம் கணக்கில் சுமார் 327 கிராம். அந்தக் காலத்துச் சிப்பாய்க்கு வருஷச் சம்பளம் 225 தினாரியஸ். ஆக, கால் கிலோவுக்குச் சற்றே கூடுதலான மிளகுக்கு ஒரு வாரச் சம்பளம் போயிருக்கும். “பொன்னொடு வந்து கறியொடு பெயரும்” என்று அகநானூறு யவனர் கப்பலைச் சொல்கிறதே, அந்தக் கறி, அதாவது மிளகு, இறங்கிய இடத்தில் நிற்கிறோம் என்பதை மாமியாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சீஸும் மிளகும் மட்டும் போட்ட ‘காச்சோ எ பெப்பே’ பாஸ்தா அந்த ஊர்ச் சாப்பாடு. ஆனால் அந்தச் சீஸைக் குட்டி ஆட்டின் இரைப்பைச் சாறு விட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். சுத்த சைவமென்றால் தக்காளியும் பூண்டும் போட்ட மரினாரா பீட்சா கேளுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, தெருக்குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும்.

அப்புறம் மெட்ரோவில் கொலோசியத்திலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் டெர்மினி. வெளியே வந்தால் பலாஸ்ஸோ மாஸ்ஸிமோ. திங்கட்கிழமை விடுமுறை. பராமரிப்புக்காகச் சில பகுதிகளை மூடி வைப்பதும் உண்டு, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காசுகள் அடித்தளத்தில் இருக்கின்றன. முதல் பேரரசர் அகஸ்டஸின் ஒரு வெள்ளிக்காசைத் தேடுங்கள்: ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் அவர் பேரன்கள் இருவர், நடுவில் கேடயமும் ஈட்டியும். நம் ஊர்ப் புதையல்களில் திரும்பத் திரும்ப வருவது இந்தக் காசுதான். அதே தளத்தில் ஒரு எட்டு வயதுப் பெண் குழந்தையின் பதப்படுத்திய உடல் இருக்கிறது. 1964-இல் ரோம் நகரை ஒட்டிக் கிடைத்தது. பக்கத்தில் அவள் விளையாடிய பொம்மை, யானைத் தந்தத்தில் செய்தது. நீலக்கல் கோத்த அவள் கழுத்துச் சங்கிலியும் இருக்கிறது. இங்கே அவசரப்படாதீர்கள். மேல்தளத்தில் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டிலிருந்து பெயர்த்து வந்த தோட்ட ஓவியம். மாதுளை வெடித்திருக்கும், குருவி உட்கார்ந்திருக்கும். அந்த அறையில் மாமியாரை ஆற அமர இருக்க விடுங்கள்.

கேள்வி: ரோமுக்கெல்லாம் போக வசதியில்லை. நம் கொங்கில் ரோமானியக் காசு கிடைத்ததாகச் சொல்கிறார்களே, எப்படி வந்தது? எங்கே போய்ப் பார்ப்பது?
- கல்லூரி மாணவர், தாராபுரம்

பதில்: தம்பி, நீ நடுவிலேயே இருக்கிறாய். மேற்குக் கடற்கரை முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யலை ஒட்டிக் கரூர் வரை வந்த பெருவழி நம்முடையது. அந்த வழியில்தான் கோவையை ஒட்டிய வெள்ளலூர். அங்கே 1842-இல் மட்டும் 500-க்கு மேல் வெள்ளிக்காசு கிடைத்தது, பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. பொள்ளாச்சியிலும் உடுமலைப் பக்கமும் கிடைத்திருக்கிறது. பேரரசர் நீரோ கி.பி. 64-இல் காசில் வெள்ளியைக் குறைத்தார். அதற்குப் பிந்தைய ரோமானிய வெள்ளிக்காசு இங்கே அபூர்வம். நம் வியாபாரிகள் உரசிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

பதிலுக்குப் போனதில் கல்லும் உண்டு. காங்கயம் பக்கம் படியூரில் கிடைத்த பெரில் என்ற நீலப்பச்சைக் கல்லைக் கொடுமணலில் பட்டை தீட்டி மணியாக்கினார்கள். 1985 முதல் நடந்த அகழாய்வில் மணிகளும் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஊரில் இப்போது பார்க்க முடிவது பெருங்கற்கால ஈமச்சின்னங்களும் காடுகளும். காலையில் போ, வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம்.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசு ஒன்றில் ‘மாக்கோதை’ என்று எழுத்தும், ரோமானியப் பாணியில் பக்கவாட்டு முகமும் இருக்கும். எனக்கு ரோமானியக் காசுகளைவிட இதன்மேல்தான் பிரியம் அதிகம். யவனர் காசைப் பார்த்த ஒரு சேர மன்னன் தன் முகத்தையும் அப்படிப் பொறிக்கச் சொல்லியிருக்கிறான். கரூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆரம்பி. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனியும் விடுமுறை, அதைத் தவிர்த்து வேறொரு நாளில் போ.