கை மரத்துப்போனால் கிரிப்பை மாற்றினால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு சாம்பிள், பில், செக் என்று கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் என்று தினமும் 100 கிலோமீட்டருக்குக் குறையாமல் 150 சிசி பைக்கில் சுற்றுகிறேன். நான்கு மாதமாக வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மதமதவென்று ஆகிவிடுகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து கையை உதறினால்தான் சரியாகிறது. மெக்கானிக் தடியான ஃபோம் கிரிப் போடச் சொல்கிறார். மூன்று வருடமாக சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். அதனால்தான் இது என்கிறார்கள் வீட்டில். யார் சொல்வது சரி? ஆபரேஷன் வரை போய்விடுமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

மருத்துவர் பதில்:

இருவர் சொல்வதிலும் பாதி சரி. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் கிரிப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அந்த ராத்திரி இரண்டு மணி. வண்டியின் அதிர்வு மட்டும்தான் காரணம் என்றால், வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் விரல்கள் தெளிந்துவிட வேண்டும். தூக்கத்தில் எழுப்பி, உதறினால் அடங்குகிற மதமதப்பு, மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளம். ஆங்கிலப் பெயர் கார்பல் டனல் சிண்ட்ரோம்.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் என்ற ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டு மேலேயோ கீழேயோ வளைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை இந்த நரம்பின் எல்லை. இன்று ராத்திரி ஒன்றைக் கவனியுங்கள். விரல்கள் மரத்திருக்கும்போதும், கட்டைவிரலின் அடியில் உள்ளங்கை மேடு மட்டும் தொட்டால் நன்றாகத் தெரிகிறதா? தெரிந்தால் சிக்கல் சுரங்கத்துக்குள்தான். அந்த மேட்டுத் தோலுக்குப் போகும் கிளை சுரங்கத்துக்கு முன்னாலேயே பிரிந்து வெளியே போய்விடுகிறது. சுண்டுவிரல் பக்கம் மரத்திருந்தால் அது வேறு நரம்பு, அல்நார். உள்ளங்கையின் அடிப்பகுதியை ஹேண்டில் மேல் ஊன்றி உடம்பு பாரத்தை அங்கே இறக்குகிறவர்களுக்கு அது வரும். கழுத்திலிருந்து தோள் வழியாக வலி இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரையால் நேராக வரும் நரம்புத் தளர்ச்சி பெரும்பாலும் பாதத்தில், அதுவும் இரண்டு பக்கமும் தொடங்கும். ஒரு கையில் மூன்று விரல் மட்டும் என்றால் அது பொருந்தவில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு கார்பல் டனல் வருவதே அதிகம். ஆகவே சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு. மூன்று மாத சராசரி சர்க்கரை, தைராய்டு, மாத்திரை மெட்ஃபார்மின் என்றால் பி12 ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, கிரிப். கடையில் விற்கும் தடியான ஃபோம் உறை விரலால் அமுக்கிப் பார்க்க மெத்தென்று இருக்கும். நானும் ஏமாந்திருக்கிறேன். அது எஞ்சினின் சன்னமான அதிர்வைக் கொஞ்சம் குடிக்கும். 5000 ஆர்பிஎம்மில் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நொடிக்கு 80 தடவைக்கு மேல் கையை ஆட்டுகிறது. அதில் ஒரு பங்கு குறையும். குழியில் விழும் குலுக்கலை அது தடுக்காது. தடிமன் கூடக் கூட விரல் சுற்றிப் பிடிக்க எட்டாது, அதனால் இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்கிப் பிடித்தால் அதிர்வும் அதிகமாக ஏறும், சுரங்கத்துக்குள் அழுத்தமும் ஏறும். பிரேக் லீவருக்கு விரல் நீட்டவும் சிரமம். கையுறை போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் அதோடேயே கிரிப்பைப் பிடித்துப் பாருங்கள். விரல் நுனிகள் உள்ளங்கையில் போய்க் குத்தினால் கிரிப் ஒல்லி. நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் விட்டிருந்தால் தடி. சின்னக் கைக்காரருக்குக் கம்பெனி கிரிப்பே போதும், அது தேய்ந்து வழவழப்பாகாமல் இருந்தால். மிருதுவான ரப்பரில், கோடு கோடாகப் பிடிப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஃபோம் மழையில் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் பொடிந்து கையில் ஒட்டும்.

பழைய கிரிப்பைத் தூக்கிப் போடும் முன் அதை உற்றுப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் உங்கள் கை பாரம் இறங்குகிறது. என் வண்டியில் வலது கிரிப்பின் உள் ஓரம், கட்டைவிரல் பிரியும் இடத்தில் மட்டும் மழமழவென்று இருந்தது. ஆக்ஸிலேட்டரைத் திறக்கும்போது மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டுத் திருகுகிறேன் என்பது அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன், வலது கையில் மட்டும் வந்திருப்பதால். ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போதே கையைச் சற்று மேலிருந்து பிடியுங்கள். வழக்கமான வேகத்துக்குத் திறந்த நிலையில் முழங்கையும் மணிக்கட்டும் புறங்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். அப்புறம் லீவர்கள். நிறைய வண்டிகளில் பிரேக், கிளட்ச் லீவர் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் சீட்டில் உட்கார்ந்து விரல் நீட்டும்போது மணிக்கட்டு மேல்நோக்கி மடங்காத அளவுக்கு லீவரைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்குக் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தித் திருப்புகிற ஐந்து நிமிட வேலை. முன்பக்கம் டிஸ்க் பிரேக் என்றால் ஆயில் டப்பா அதிகம் சாய்ந்துவிடாமல் பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகியிருந்தால் எண்ணெய் விடச் சொல்லுங்கள். நாள் முழுக்கக் கனத்த ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடிப்பதற்கு எந்த கிரிப்பும் மருந்தில்லை. ஹேண்டில் முனையில் இருக்கும் எடை கழன்று விழுந்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். அதிர்வை அடக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். எஞ்சின் மவுண்ட் போல்ட், டயர் காற்று இரண்டையும் கூடவே பார்க்கலாம்.

மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. வலது கிரிப் ஆக்ஸிலேட்டர் குழாயின் மேல் உட்காருவது, அதனால் அதன் துளை இடது கிரிப்பைவிடப் பெரிது. இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. சுலபமாக ஏறும் என்று எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது. ஒருமுறை வீட்டில் நானே சோப்புத் தண்ணீர் தடவி மாட்டிவிட்டு, காயும் முன்பே கிளினிக்குக் கிளம்பினேன். மேம்பாலத்தில் ஏறும்போது நான் திருகத் திருக ரப்பர் மட்டும் கையோடு சுற்றியது, வண்டி ஏறவில்லை. பின்னால் பஸ். அன்றிலிருந்து குழாயைத் துடைத்து, கிரிப் பசை போட்டு, ஒரு ராத்திரி விட்டுத்தான் எடுக்கிறேன். காய்ந்ததும் ஹேண்டிலை இடது, நேர், வலது என்று மூன்று நிலையிலும் வைத்து ஆக்ஸிலேட்டரைத் திறந்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் படக்கென்று தானாக மூட வேண்டும். கிரிப் முனை எடையிலோ சுவிட்ச் பெட்டியிலோ உரசினால் மூடாது.

இதெல்லாம் பகலுக்கு. ராத்திரிக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் மணிக்கட்டுப் பட்டையில் உள்ளே உலோகத் தகடு உள்ளதாக வாங்கி, மணிக்கட்டை நேராக வைத்துக் கட்டிக்கொண்டு தூங்குங்கள். ஆறு வாரம் விடாமல் செய்தால் பலருக்கு அந்த இரண்டு மணி விழிப்பு நின்றுவிடும். வண்டி ஓட்டும்போது அதைக் கட்டாதீர்கள், பிரேக் பிடிக்கத் தடையாகும். ஆறு வாரத்தில் குறையாவிட்டால் நரம்பு கடத்தல் பரிசோதனை செய்து எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். மரப்பு நாள் முழுக்க நிற்கிறது, சட்டை பட்டன் போட வரவில்லை, டம்ளர் நழுவுகிறது, கட்டைவிரல் மேடு வற்றித் தட்டையாகிறது – இதில் ஒன்று இருந்தாலும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஆபரேஷன் எல்லாருக்கும் வருவதில்லை. பட்டை, மணிக்கட்டில் ஒரு ஊசி, இவற்றிலேயே பலர் தேறிவிடுகிறார்கள். தேவைப்பட்டாலும் பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்யும் சின்ன ஆபரேஷன்தான், அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் வண்டிக்குச் சில வாரம் லீவு சொல்ல வேண்டும். நின்ற வண்டியில் உட்கார்ந்து, முன் பிரேக்கை முழு பலத்தோடு வலியில்லாமல் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்; முடிந்த பிறகு, உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாவியை எடுங்கள்.